லென்ஸின் முழுப் பெயரையும் பில்லில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கேமரா வாங்கி போட்டோ தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு யோசனை சொல்லி, தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஃபங்கஸ் பார், கீறல் பார், ஷட்டர் எத்தனை ஓடியிருக்கிறது என்று கேள் என்றதெல்லாம் சரி. ஆனால் கூடவே வந்த படத்தின் கீழே 'புதியவர்களுக்கு ஏற்ற நிக்கான் 50 எம்எம் 1.8 ஜி லென்ஸ்' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது ஜி லென்ஸே அல்ல. ஜி லென்ஸில் அப்பெர்ச்சர் வளையம், அதாவது உள்ளே வரும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம், கிடையாது. தாங்கள் வெளியிட்ட படத்தில் வளையம் தெளிவாகத் தெரிகிறது. அதன்மேல் ஓட்டை போட்ட இரண்டு உலோகக் காது இருக்கிறது. வளையத்தின் கடைசி எண்ணான 22 ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. அது கையால் திருகி ஃபோகஸ் செய்கிற ஏஐ-எஸ் லென்ஸ், 1980களின் சரக்கு. ஜி லென்ஸ் 2011இல் வந்தது. இரண்டையும் வாயால் சொன்னால் 'ஃபிஃப்டி ஒன் பாயிண்ட் எய்ட்' என்ற ஒரே பெயர்தான். கட்டுரை தொடாமல் விட்ட விஷயம் அதுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டிப் போடுவதானால் பழைய யாஷிகா கேமரா பற்றிய இடத்தில் வெட்டுங்கள், நிக்கான் இடத்தில் வேண்டாம்.

நான் குடியாத்தத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து டிஜிட்டல் வரை கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் எடுத்தாயிற்று. கடையை மூடிவிட்டு சத்துவாச்சாரிக்கு மகன் வீட்டோடு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. லென்ஸைத் திறந்து ஃபங்கஸ் துடைப்பது, அப்பெர்ச்சர் இதழில் எண்ணெய் ஏறியிருந்தால் கழுவி மாட்டுவது என்று சில்லறை வேலைகள் செய்கிறேன். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் வாயில் மட்டும் இன்னும் அது வட ஆற்காடுதான். அந்த மூன்று மாவட்டத்து போட்டோகாரர்களின் லென்ஸும் என் மேஜைக்கு வந்து போகிறது. துடைக்க வரும் லென்ஸைவிட, 'இது இன்னா லென்ஸ் சார்?' என்று கேட்க வரும் லென்ஸ்தான் இப்போதெல்லாம் அதிகம்.

அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கையில் நிக்கான் டி5600. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு பெரிய ஊர்க் கடையில் செகண்ட் ஹேண்டில் 50 எம்எம் வாங்கியிருந்தான்.

"ஆட்டோ ஃபோகஸே புடிக்க மாட்டேங்குது சார். உள்ள மோட்டார் செத்துப்போச்சா?"

"இந்த லென்ஸுக்கு உள்ளே மோட்டாரே கிடையாது தம்பி, சாகறதுக்கு."

திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். கேமராவில் மாட்டுகிற உலோக மவுண்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு திருகாணித் தலை, நடுவே ஒரு பிளவு. ஸ்குரூடிரைவர் போட்டுத் திருப்புகிற மாதிரியே இருக்கும். கேமராவுக்குள் இருக்கிற மோட்டார், மவுண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையால் இந்தப் பிளவைப் பிடித்துச் சுற்றினால்தான் லென்ஸ் ஃபோகஸ் ஆகும். டி90, டி7000, டி7200, டி750 போன்ற கேமரா பாடிகளில் அந்த மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. டி5600 அந்த வரிசைதான். லென்ஸின் முன்வளையத்தில் 'ஏஎஃப் நிக்கோர் 50 எம்எம் 1:1.8 டி' என்று அழகாக எழுதியிருந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது 'ஏஎஃப்-எஸ் நிக்கோர் 50 எம்எம் 1:1.8 ஜி'. அந்த ஒரு 'எஸ்' இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைக்காரருக்கு போன் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "லென்ஸ்ல குறையே இல்ல சார். பில்லுல இன்னா போட்டிருக்கோமோ அதக் குடுத்துட்டோம்" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தேன். 'நிக்கான் லென்ஸ் 50 எம்எம் – 1' என்று இருந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தல். அந்தப் பில்லை வைத்துக்கொண்டு ஏஐ-எஸ் கொடுக்கலாம், டி கொடுக்கலாம், ஜி கொடுக்கலாம், மூன்றுமே நியாயமாகிவிடும்.

பையன் லென்ஸை வைத்துக்கொண்டான். 22இல் வளையத்தைப் பூட்டி வைத்தால் வெளிச்சக் கணக்கு ஒழுங்காக வேலை செய்யும். பூட்டாவிட்டால் திரையில் எரர் காட்டும். கையால் திருகினால் வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி எரிந்து ஃபோகஸ் சரி என்று சொல்லும். வீட்டில் குழந்தையை உட்கார வைத்து எடுக்க அது போதும். தாலி கட்டுகிற நேரத்தில் பச்சைப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தால் மூன்று முடிச்சும் விழுந்து அட்சதையும் தலையிலிருந்து உதிர்ந்திருக்கும்.

நிக்கானில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. முன்வளையத்தில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு விடக் கூடாது. பொய்கை மாட்டுச் சந்தையில் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்து யாரும் மாடு பிடிப்பதில்லை, வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். லென்ஸுக்குப் பல் பின்பக்கம் இருக்கிறது. முன்வளையம் உள்ளே என்ன கண்ணாடி என்று சொல்லும். எந்த பாடியில் ஏறும், ஏறினால் என்னென்ன வேலை செய்யும் என்பதை அப்பெர்ச்சர் வளையமும் மவுண்டும்தான் சொல்லும்.

1959இல் நிக்கான் எஃப் வந்தபோது போட்ட அதே மவுண்ட் வடிவம்தான் அந்தக் கம்பெனியின் டிஜிட்டல் எஸ்எல்ஆர் வரை வந்திருக்கிறது. அதனால் எதையும் எதிலும் மாட்டலாம் என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்பெர்ச்சர் வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை வளையத்தின் பின்விளிம்பு வழியாக கேமராவின் வெளிச்ச மீட்டருக்குத் தெரிவிக்கும் ஏஐ என்ற முறை 1977இல் வந்தது. அதற்கு முந்தைய லென்ஸில் அப்பெர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு முழு வட்டமாக, வெட்டு இல்லாமல் இருக்கும். மேலே இருக்கும் காதுகளில் ஓட்டை இருக்காது. ஏஐ லென்ஸில் பின்விளிம்பில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும், காதுகளில் ஓட்டை இருக்கும், எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். பின்வரிசை பொடி எழுத்து. வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பதற்கு. பழைய லென்ஸை எஃப்எம்2 மாதிரி பாடியில் அழுத்தித் திருகினால், மவுண்டைச் சுற்றி இருக்கும் சின்ன நெம்புகோலின் மேல் அந்த முழு விளிம்பு ஏறி உடைத்துவிடும். டி7000 வரிசையிலும் அதே ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த டி5600இல் அந்த நெம்புகோலே கிடையாது. அதனால் தாத்தா காலத்து லென்ஸ் அதில் நிம்மதியாக ஏறும். மீட்டர் மட்டும் வேலை செய்யாது.

ஏஐ-எஸ் அதற்கு அடுத்தது. இரண்டு வரிசையிலும் கடைசி எண் ஆரஞ்சு நிறம், மவுண்டின் தகட்டில் பிறை மாதிரி ஒரு குடைவு. இந்த இரண்டும் இருந்தால் ஏஐ-எஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய லென்ஸின் விளிம்பை அரம் போட்டு ராவி ஏஐ ஆக்குவது எங்கள் தலைமுறையில் எல்லா ஊரிலும் நடந்த வேலை. நிக்கான் கம்பெனியே வளையத்தை மாற்றிக் கொடுத்ததும் உண்டு. அப்படிப்பட்ட லென்ஸில் முன்வளையம் 'நிக்கோர்-எச் ஆட்டோ' என்று பழைய பெயர் சொல்லும், பின்விளிம்போ ஏஐ மாதிரி வெட்டியிருக்கும். போலி என்று பயப்பட வேண்டாம். ராவிய இடம் பளபளப்பாக, கறுப்பு பெயிண்ட் போய், கொஞ்சம் கோணலாக இருக்கும். விரல் வைத்தால் தெரியும்.

அந்த 'எச்' என்ன என்று பலர் கேட்கிறார்கள். ஏஐக்கு முந்தைய நிக்கோர் லென்ஸ்களில் உள்ளே எத்தனை கண்ணாடி என்பதை எழுத்தால் சொன்னார்கள். கியூ என்றால் நான்கு, பி என்றால் ஐந்து, எச் என்றால் ஆறு, எஸ் என்றால் ஏழு. 50 எம்எம் எஃப்2 எச், 50 எம்எம் எஃப்1.4 எஸ், 135 எம்எம் கியூ. எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து 'சி' இருந்தால், கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கப் பல அடுக்குக் கோட்டிங் போட்டது. வெயிலுக்கு எதிரே எடுத்தால் அந்த 'சி'யின் அருமை தெரியும், அதுவும் எங்கள் வேலூர் வெயிலுக்கு.

இதையும் மனப்பாடம் செய்துகொண்டு எழுத்தையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகம் எடுப்பதற்கென்றே ஸ்டூடியோக்காரர்கள் தேடித் தேடி வாங்கிய 105 எம்எம் எஃப்2.5 நிக்கோர்-பி இருக்கிறதே, அதற்கு 1970களின் தொடக்கத்தில் உள்ளே கண்ணாடி அமைப்பையே மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன்னும் ஐந்து கண்ணாடி, மாற்றிய பிறகும் ஐந்து கண்ணாடி. ஆகவே பெயர் இரண்டுக்கும் 'பி'தான். பழையதில் பின்கண்ணாடி சிறிது, புதியதில் பெரிது. பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்கத் தெரியாது. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், கிட்டே வைத்து எடுக்கப் புதியது, கொஞ்சம் மென்மையான முகத்துக்குப் பழையது என்பேன். இது என் ருசி, சட்டம் அல்ல.

கேனான்காரர்கள் 'எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை' என்று சிரிக்க வேண்டாம். அவர்களுடைய 50 எம்எம் எஃப்1.8இலேயே இஎஃப் வரிசையில் மூன்று இருக்கிறது. 1987இல் வந்த முதலாவதில் மவுண்ட் உலோகம், மேலே தூரம் காட்டும் கண்ணாடிச் சன்னல் இருக்கும். 1990இல் வந்த இரண்டாவதில் மவுண்டே பிளாஸ்டிக், சன்னலும் போய்விட்டது, பெயரோடு 'II' என்று இரண்டு கோடு சேர்ந்தது. 2015இல் வந்த மூன்றாவதில் மவுண்ட் மறுபடியும் உலோகமானது, பெயரில் மோட்டார் வகையைச் சொல்லும் 'எஸ்டிஎம்' சேர்ந்தது. ஃபில்டர் அளவு முதல் இரண்டுக்கும் 52 எம்எம், எஸ்டிஎம்முக்கு 49. முதல் இரண்டில் அப்பெர்ச்சர் இதழ் ஐந்து. அதனால் பின்னால் எரியும் சீரியல் பல்பெல்லாம் ஐங்கோணமாக விழும். எஸ்டிஎம்மில் ஏழு வளைந்த இதழ்.

முதலாவதில் 'I' என்று எங்கேயும் இருக்காது. இரண்டாவது வரும் என்று தெரிந்தா முதலாவதைச் செய்கிறார்கள்? எண் இல்லாததே முதல் பதிப்பு என்பதற்கு அடையாளம். இது கேனானுக்கு மட்டுமல்ல, எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். 'எண் போடாததால் இதுதான் லேட்டஸ்ட் சார்' என்று ஒரு வியாபாரி சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதேபோல் எண் கூடினால் தரம் கூடும் என்பதும் கிடையாது. 50 எம்எம்மில் இரண்டாவதைவிட முதலாவது கட்டுமானத்தில் எவ்வளவோ மேல். இரண்டாவது கீழே விழுந்தால் முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம் என்று பிரிந்தே என்னிடம் வரும். ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்; ஒட்டிய பிறகும் படம் எடுக்கத்தான் செய்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

பெரிய பணம் போவது, தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 எம்எம் ஜூம் லென்ஸில்தான். குடியாத்தத்தில் வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்துக்குள் புகுந்து எடுக்க முடியாது, மொட்டை மாடியில் நின்றுதான் எடுக்க வேண்டும். அதனால் சித்திரை பாதியிலேயே எங்கள் ஊர்ப் பையன்கள் 70-200 தேடி அலைவார்கள். அப்படி ஒருவனுக்கு வாட்ஸப்பில் படம் வந்தது. 'கேனான் 70-200 2.8 ஐஎஸ் மார்க் டூ, மின்ட் கண்டிஷன்' என்று. ஐஎஸ் என்றால் கை ஆட்டத்தைத் தடுக்கும் வசதி, மார்க் டூ என்றால் இரண்டாம் பதிப்பு. படமெல்லாம் பக்கவாட்டில் எடுத்தது, முன்மூடி போட்டே எடுத்தது. பெயர் இருக்கும் பக்கம் கீழே திரும்பியிருந்தது. ஆனால் பக்கத்து ஸ்விட்சுகள் தெரிந்தன. மேல் ஸ்விட்ச் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்துவது. அதில் ஒரு பக்கம் '2.5 மீ', இன்னொரு பக்கம் '1.4 மீ' என்று இருந்தது. மார்க் டூவாக இருந்தால் அங்கே '1.2 மீ' இருக்க வேண்டும். 1.4 மீட்டர் என்பது 2001இல் வந்த முதல் 70-200 2.8 ஐஎஸ் லென்ஸுக்கு உரியது. மார்க் டூ 2010இல்தான் வந்தது. ஐஎஸ் இல்லாத இன்னும் பழைய 2.8 லென்ஸ் என்றால் 1.5 மீட்டர், அதில் ஆட்டம் தடுக்கும் ஸ்விட்சும் இருக்காது.

பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். கேனானின் அந்தக் காலத்து லென்ஸ்களில், பின்பக்கம் உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் பொடியாக இரண்டு எழுத்தும் சில எண்களும் குத்தியிருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். முதல் எழுத்து தொழிற்சாலை. யு என்றால் உட்சுனோமியா, எஃப் என்றால் ஃபுகுஷிமா, ஓ என்றால் ஓயிட்டா. இரண்டாவது எழுத்து வருடம். 1986க்கு ஏ என்று தொடங்கி வருடத்துக்கு ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஓ என்றால் 2000, எஸ் என்றால் 2004. அடுத்த எண்கள் மாதம். அந்தப் படத்தில் இருந்தது யு, எஸ். 2004இல் செய்த லென்ஸ் எப்படி 2010இல் வந்த மார்க் டூ ஆகும்? கேட்டதும் அந்தப் பக்கம் பதில் வரவில்லை, நம்பரையே பிளாக் செய்துவிட்டார். பிற்பாடு வந்த கேனான் லென்ஸ்களில் இந்த எழுத்துக் குறி இருக்காது. அதனால் குறி இல்லை என்றதும் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதல் பதிப்பு மோசம் என்று சொல்லவில்லை. அதன் விலைக்குக் கிடைத்தால் நானே வாங்கச் சொல்வேன். மார்க் டூ விலைக்கு அதை வாங்குவதுதான் கூடாது.

மற்ற கம்பெனிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாம்ரானில் பெயரைவிட மாடல் குறியைப் பார்ப்பது லேசு. 70-200 2.8இல் ஏ009 என்றால் முந்தியது, ஏ025 என்றால் ஜி2 என்கிற அடுத்தது. 'டிஐ' என்றால் ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சர் கேமராவுக்கும் ஆகும், 'டிஐ II' என்றால் சின்ன சென்சருக்கு மட்டும். இங்கே II என்பது இரண்டாம் பதிப்பு அல்ல, வேறு வகை. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. சோனியின் இ-மவுண்டில் 50 எம்எம் 1.8 இரண்டு உண்டு. மாடல் எண்ணின் கடைசியில் இன்னொரு 'எஃப்' இருந்தால் ஃபுல் ஃபிரேம். கேனானில் மவுண்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி என்றால் இஎஃப், வெள்ளைச் சதுரம் என்றால் இஎஃப்-எஸ். வெள்ளைச் சதுரம் ஃபுல் ஃபிரேம் பாடியில் ஏறாது, முட்டித் தள்ளாதீர்கள். நிக்கானில் 'ஏஎஃப்-பி' என்று ஆரம்பிக்கும் 18-55ஐ டி90இல் மாட்டினால் தானாகவும் ஃபோகஸ் ஆகாது, கையாலும் ஆகாது. பார்க்கப் பழைய ஏஎஃப்-எஸ் மாதிரியே இருக்கும்.

இதெல்லாம் டிஜிட்டல் காலத்துக் குழப்பம் என்று நினைத்தால் தப்பு. நாங்கள் தொழில் கற்ற நாளில் வட ஆற்காட்டு ஸ்டூடியோ முழுக்க இரட்டை லென்ஸ் வைத்த யாஷிகா கேமரா. யாஷிகா-டி என்ற ஒரே கேமராவில், முன்னால் வந்ததில் யாஷிகோர் லென்ஸ், பின்னால் வந்ததில் யாஷினான். யாஷிகோரில் மூன்று கண்ணாடி, யாஷினானில் நான்கு. பாடியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, லென்ஸைச் சுற்றிய பெயரைத்தான் படிக்க வேண்டும். தனி ஆளை நடுவில் நிறுத்தி எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு மூன்று வரிசை நிற்கவைத்து, மேகம் மூடிய நாளில் அப்பெர்ச்சரைத் திறந்து எடுத்துப் பாருங்கள். யாஷிகோரில் ஓரத்தில் நிற்கிற பிள்ளைகளின் முகம் கரைந்துபோகும். 8, 11 என்று மூடினால் சரியாகிவிடும். ஓரத்துப் பிள்ளையின் அம்மாதான் முதல் ஆளாகக் கடைக்கு வந்து நிற்பார். பெயரைப் படிக்கிற பழக்கம் எனக்கு வந்தது அவர்களால்தான்.

அதே காலத்தில் ரஷ்யாவின் ஜெனிட் கேமராவும் சிலரிடம் இருந்தது. அதோடு வரும் ஹீலியோஸ் 44-2 லென்ஸுக்கு இப்போது திடீரென்று மவுசு. பின்னணி சுழல்வது போல விழுகிறது என்று ரீல்ஸ் எடுக்கிறவர்கள் கேட்டு வருகிறார்கள். அதில் வருடம் கண்டுபிடிப்பது எளிது. சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருடம்தான். ஒரே லென்ஸை ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் செய்தன. பட்டகத்துக்குள் ஒளிக்கதிர் பாய்கிற முத்திரை இருந்தால் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை. 44-2இல் அப்பெர்ச்சருக்கு இரண்டு வளையம். பின்னால் வந்த 44எம்மில் ஒரு வளையமும் ஒரு சின்ன ஸ்விட்சும். '44' என்று கேட்டு வாங்கினால் இதில் எது வரும் என்று அவரவர் ராசி.

எழுத்தெல்லாம் அழிந்துபோன லென்ஸ் வந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. டியூப் லைட்டுக்குக் கீழே நின்று லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் டியூப் லைட் ஒரு கோடாகத் தெரியும். கோடெல்லாம் வெள்ளையாக இருந்தால் கோட்டிங் இல்லை. மங்கலான நீலமோ தேன் நிறமோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒற்றைக் கோட்டிங். பச்சை, ஊதா என்று கலந்து, ரொம்ப மங்கலாக இருந்தால் பல அடுக்கு. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கும்போது கண்ணாடியே மஞ்சளாகத் தெரிந்தால், அது தோரியம் கலந்த பழைய கண்ணாடியாக இருக்கலாம். பென்டாக்ஸின் 50 எம்எம் 1.4 டாகுமார்களில் அப்படி உண்டு. அந்த மஞ்சள் அழுக்கு அல்ல, துடைத்தால் போகாது. துடைத்துத் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்களை நம்ப வேண்டாம்.

இதை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாண சீசனுக்கு நடுவில் யாருக்கு இதற்கெல்லாம் நேரம்? விற்கிறவருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் அவர் கையில் லென்ஸ் இருக்கிறது, அதில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுவதற்குப் படிப்பு வேண்டாம். என் கோரிக்கை இவ்வளவுதான். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் விற்கும் கடைகள் முன்வளையத்தில் இருக்கும் எல்லா எழுத்தையும், சீரியல் எண்ணையும், டாம்ரான் போன்றவற்றில் மாடல் குறியையும் பில்லில் அப்படியே எழுதட்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. ஆனால் '50 எம்எம் – 1' என்று எழுதிய பில்லைத் தூக்கிக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் என்ன நிரூபிப்பது? எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள் என்று பையன்களிடம் சொல்லி வருகிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் இருநூறு ரூபாய் குறைத்தால் மறந்துவிடுகிறார்கள்.

வாங்குகிறவர்களும் போனில் பேசி முடிவு செய்யும் முன் படம் கேட்டு வாங்குங்கள். மூடி கழற்றி முன்வளையம் படிக்கிற மாதிரி ஒன்று, ஸ்விட்ச் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒன்று, பின்மூடி கழற்றி மவுண்ட் தெரிகிற மாதிரி ஒன்று. மூன்றாவது படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். படத்தின் கீழிருந்த அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவன் இருப்பான். வரி விளம்பரப் பகுதியில் 'நிக்கான் 50 எம்எம் லென்ஸ் விற்பனைக்கு' என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால், வாங்கிக்கொள்ளும் தங்கள் ஊழியர் 'லென்ஸில் என்ன எழுதியிருக்கிறது, அப்படியே படியுங்கள்' என்று ஒரு கேள்வி கேட்கட்டும். அணைக்கட்டுப் பையனின் லென்ஸாக இருந்தால் விளம்பரம் இப்படி வரும்: 'ஏஎஃப் நிக்கோர் 50 எம்எம் 1:1.8 டி, அப்பெர்ச்சர் வளையம் உள்ளது, லென்ஸில் மோட்டார் இல்லை, ஃபில்டர் 52 எம்எம்.' விளம்பரக் கட்டணத்தில் ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ வைத்திருந்தவன்,
சத்துவாச்சாரி, வேலூர்.